சேவலைப் பிரித்த குழு

மற்ற ஊர்களில் சேவலைத் திருடுவார்கள், சண்டைக்கு விடுவார்கள், விருந்து வந்தால் குழம்பு வைப்பார்கள். ஈந்தவிளை அரசுத் தொடக்கப்பள்ளியில்தான் ஒரு சேவலை விசாரித்தார்கள். அதுவும் கூவுகிற சேவல் இல்லை மக்களே, காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த சேவல். அவசரப்பட்டு இப்போதே சிரித்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் வரும்போது உங்களுக்குச் சிரிப்பு வராது. இந்தக் கதையில் அது ஒன்றுதான் குறை.

குழித்துறையில் மினி பஸ் ஏறினால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிப் போய், டிரைவர் டீ குடிக்க இறங்குகிற இடம் ஈந்தவிளை. அந்தப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர் பெமிலா. தற்காலிக டீச்சர்தான். ஆனால் அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகள் இப்போது அவளுக்கே பஸ்ஸில் இடம் விட்டு எழுந்து நிற்கிறார்கள்.

அவள் வகுப்பில் அந்த வருஷம் இந்துஜா என்று ஒரு பிள்ளை சேர்ந்தது. நாலு வயது. காலையில் பள்ளிக்கூட கேட்டைக் கண்டதும் அம்மா முத்துக்கனியின் நைட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அலறும். முத்துக்கனி அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்து, பிள்ளையை பெமிலாவின் இடுப்பில் திணித்துவிட்டு, முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீசுக்கு ஓடுவாள். பெமிலா அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். இந்தப் பிள்ளை ஒரு நாளாவது தானாக உள்ளே நடந்து வர வேண்டும், இங்கே தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று வர வேண்டும். அந்த வருஷத்துக்கு அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஆசைப்பட மேலிடத்து அனுமதி வேண்டும்.

அப்படியிருக்கும்போதுதான் சுற்றறிக்கை வந்தது. ‘மழலையர்க்கு மொசைக் கலையை எளிய காகிதக் கைவினை மூலம் கற்பித்தல் தொடர்பாக.’ அனுப்பியது மழலைக் கலை மேம்பாட்டுப் பிரிவு. அப்படி ஒரு பிரிவு இருப்பது சுற்றறிக்கை வரும்வரை யாருக்கும் தெரியாது. பிரிவுக்கே தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

சுற்றறிக்கை தெளிவாக இருந்தது. பிள்ளைகள் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது, வெட்டிக்கொள்வார்கள். கடைப் பசையைத் தொடக் கூடாது, தின்றுவிடுவார்கள். பொடித் துண்டுகளைத் தொடக் கூடாது, மூக்கில் போட்டுக்கொள்வார்கள். மற்றபடி பிள்ளைகள் முழுச் சுதந்திரத்தோடு படைக்கலாம்.

இதற்கு வடசேரியில் ஒரு கல்யாண ஹாலில் பயிற்சி வைத்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. பிரிவின் மேற்பார்வையாளர் எட்சன் சார் திரையில் ரோமாபுரியின் கல் துண்டு பதித்த மொசைக் தரைகளைக் காட்டினார். தரை வந்தது, இன்னொரு தரை வந்தது, பிறகு சுவர் வந்தது.

பெமிலா எழுந்து கேட்டாள். “சார், சின்னப் பிள்ளைகளுக்கு ஒட்டுகதுக்குப் பசை எப்பிடி காச்சணும்?”

எட்சன் சார் அவளைப் பரிவோடு பார்த்தார். “டீச்சர், நீங்க கேக்கது செயல்முறை. நாம இப்ப கோட்பாட்டுல நிக்கோம். செயல்முறைக்கு இறங்கினா மேல ஏற முடியாது.”

“அப்ப செயல்முறை எப்பம் சார்?”

“அதுக்குத்தான் நீங்க இருக்கிய. நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூட பசையைத் தொட்டதில்ல. தொடாம இருந்ததனாலதான் மொத்தத்தையும் பாக்க முடியுது.”

எல்லோரும் கை தட்டினார்கள். சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

பயிற்சி முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கலைப் பெட்டி வந்தது. வண்ணத் தாள், சார்ட், பசை எல்லாம் உள்ளே இருப்பதாக வெளியே ஒட்டியிருந்தது. உயர் அதிகாரி ரிப்பன் வெட்டித் திறக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது என்றும் ஒட்டியிருந்தது. தலைமையாசிரியர் சுயம்புராஜ் சார் அதைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். “நமக்கு எதுக்கு டீச்சரே வம்பு? மார்ச்சில நான் ரிட்டயர்டு. அதுவரைக்கும் இந்தப் பெட்டியும் நானும் திறக்காம இருந்திட்டுப் போறோம்.”

ஆனால் மாதம் முடிவதற்குள் ஒரு மொசைக் படம் சுவரில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. பெமிலா யோசித்தாள். கத்தரிக்கோல்தானே கூடாது? கையால் கிழிக்கலாமே. பொடித் துண்டுதானே கூடாது? பெரிதாகக் கிழிக்கலாமே. வீட்டில் மைதாவில் பசை காய்ச்சிக் கொண்டுவந்தால் பிள்ளை தின்றாலும் தோசை தின்ற கணக்குத்தான். காகிதத்துக்கு? “மக்கா, வீட்டில கலர் கலரா கட்டித் தாள் கிடந்தா எடுத்திட்டு வாங்க” என்றாள்.

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்று நடந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். ஈந்தவிளை ஆண்கள் கொத்துவேலைக்கும் மரவேலைக்கும் போவது அங்கேதான். அங்கே லாட்டரிச் சீட்டு உண்டு, இங்கே அது கூடாது. வேலை முடிந்து பஸ் ஏறும் முன் ஒரு சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தால்தான் அவர்களுக்கு உடம்பு வலி குறையும். அடிக்காத சீட்டைத் தூர எறிவதில்லை. ரிசல்ட் அச்சடித்தவனுக்குக் கை தவறியிருக்கலாம் அல்லவா? அந்த நம்பிக்கையில் சீட்டுகள் பிஸ்கட் டின்னிலும் பைபிளுக்குள்ளும் சாமி படத்துக்குப் பின்னாலும் வருஷக் கணக்கில் காத்திருந்தன. வீட்டில் அவற்றைவிடக் கலரான, கட்டியான தாள் கிடையாது.

மறுநாள் பிள்ளைகளின் பைகளிலிருந்து சீட்டுச் சீட்டாக யானை வந்தது, படகு வந்தது, தாமரை வந்தது. மூன்று கல்யாணக் கார்டும் ஒரு மிட்டாய்ப் பெட்டியின் மூடியும் கூட வந்தன. பெமிலா கொஞ்சம் தயங்கினாள். பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். “கிழிங்க மக்கா” என்றாள்.

கிழிக்காதே என்று அடி வாங்கியே நாலு வயது வரை வந்த பிள்ளைகளிடம் கிழி என்று ஒரு பெரிய ஆள் சொன்னால் எப்படியிருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். வகுப்பு முழுக்க கர் கர் என்று சத்தம். இடுப்பில் இருந்த இந்துஜா அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது. பிறகு மெல்ல இறங்கியது. ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நீளமாக ஒரு கிழி கிழித்தது. பெமிலா தன் காசில் வாங்கிய சார்ட்டில் வரைந்திருந்த சேவலின் தலையில் மைதாப் பசையைத் தடவிக் காட்டினாள். இந்துஜா அந்தத் துண்டை அங்கே வைத்து உள்ளங்கையால் அமுக்கியது. கையை எடுக்க மனமில்லாமல் வெகு நேரம் அமுக்கிக்கொண்டே நின்றது.

“டீச்சரே, கொண்டை” என்றது. அந்தப் பள்ளியில் அது பேசிய முதல் வார்த்தை.

சேவல் வளர்ந்தது. வால் பச்சையும் நீலமுமாய்ப் பறந்தது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டை, பரவாயில்லை. மறுநாள் காலையில் முத்துக்கனி கேட்டில் மூச்சு வாங்க நின்றாள். “டீச்சரே, இவ நைட்டிய விட்டிட்டு எனக்கு முன்னால ஓடியாளே! என்ன மந்திரம் போட்டிய?” அதற்குள் இந்துஜா சுவரருகே போய், எம்பி, கொண்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. தினமும் அப்படித்தான். தொட்டால்தான் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும்.

அந்த வாரக் கடைசியில் எட்சன் சார் படமெடுக்க வந்தார். தூரத்தில் நின்று பார்த்தார். “பிரமாதம்! நான் அன்னைக்குச் சொன்ன ரோமாபுரி அப்பிடியே இறங்கியிருக்கு.” போனை நீட்டிக் கிட்டே போனார். திரையில் சேவலின் வால் பெரிதாகியது. இன்னும் பெரிதாகியது. அவர் முகம் சிறிதாகியது.

“டீச்சர், இது என்ன எழுத்து?”

“மலையாளமாக்கும் சார்.”

“இந்த நம்பர்?”

பெமிலா சொன்னாள். ஒளிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அடிக்காத சீட்டு, வெறும் தாள், பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றாள். எட்சன் சார் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“தடை செய்யப்பட்ட பொருள் ஒண்ணு அரசுப் பள்ளிச் சுவரில ஒத்தைக் காலைத் தூக்கிட்டு நிக்குது. அதை நான் பிரமாதம்னு வேற சொல்லிட்டேன். சொன்னதை யாராவது கேட்டியளா?”

“நான் ஒண்ணும் கேக்கல்ல சார்” என்றார் சுயம்புராஜ் சார். “நான் சேவலையே காணல்ல.”

விசாரணைக் குழு அமைந்தது. குழு வரும்வரை சேவலை யாரும் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. மேசை விரிப்பு ஒன்றால் அதை மூடி, நாலு மூலையிலும் அரக்கு வைத்தார்கள். இந்துஜா துணியைப் பார்த்துக்கொண்டே நின்றது. உதடு பிதுங்கியது. பெமிலா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரக்குக்கும் அரக்குக்கும் நடுவில் துணியைக் கொஞ்சம் தூக்கினாள். பிள்ளை கையை உள்ளே விட்டுத் துழாவிக் கொண்டையைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தது. சட்டத்துக்கு எதிராக பெமிலா வாழ்நாளில் செய்த காரியம் அது ஒன்றுதான்.

குழுவில் மூன்று பேர். எட்சன் சார், கணக்குப் பிரிவிலிருந்து கிரேசி மேடம், பிறகு ஒரு மொழி வல்லுநர். ஈந்தவிளையில் மலையாளம் வாசிக்கத் தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாலும், அரசாங்கத்துக்கு வல்லுநர் வேண்டுமே. அவருடைய தகுதி, கேரளத்து நெய்யாற்றின்கரையில் பெண் எடுத்தது.

“கேள்வி ஒண்ணுதான்” என்றார் எட்சன் சார். “கிழிபட்டதுல பரிசு விழுந்த சீட்டு ஏதாவது உண்டா? உண்டுன்னா அது பெரிய நஷ்டம். இல்லன்னா, இல்லங்கதை நிரூபிக்கணும். நிரூபிக்கணும்னா நம்பர் வேணும். நம்பர் முழுசா வேணும்னா சீட்டு முழுசா வேணும்.”

பெமிலாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. “சார், பிச்சு எடுத்தா சேவல் போயிரும்.”

“எங்கயும் போகாது டீச்சர். கோப்பில இருக்கும்.”

“பிள்ளைக ஒட்டினதாக்கும் சார். ஒரு பிள்ளை இதைத் தொட்டுப் பாக்கதுக்குன்னே பள்ளிக்கூடம் வருது. போட்டோ எடுத்து நம்பரைப் பாத்துக்கிடலாமே சார்? இல்லன்னா அந்தக் கொண்டையை மட்டுமாவது விட்டிருங்க.”

கிரேசி மேடம் கனிவாகவே சொன்னார். “கொண்டையில ஒரு நம்பரோட பாதி இருக்கும்மா. ஒரு பிள்ளைக்காகக் கொண்டையை விட்டா, இன்னொரு பிள்ளைக்காக வாலை விடணும். பிறகு அரசாங்கம்னு ஒண்ணு எதுக்கு?”

வெந்நீர் வைத்து, துணியை நனைத்து, சேவலைத் துண்டு துண்டாக உரித்தார்கள். மைதாப் பசை ஆனதால் எளிதாக வந்தது. கடைப் பசை போட்டிருந்தால் இவ்வளவு லகுவாக இருந்திருக்காது என்று கிரேசி மேடம் பாராட்டினார். இடம் வேண்டும் என்பதால் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். சத்தம் கூடாது என்பதால் கையைக் கட்டி, வாயில் விரல் வைக்கச் சொன்னார்கள். துண்டுகளை ஒட்டுவதற்கு சார்ட்டும் பசையும் தேவைப்பட்டன. சுயம்புராஜ் சார் பீரோவைத் திறந்தார். எட்சன் சார் ரிப்பன் வெட்டி, கலைப் பெட்டியை இனிதே தொடங்கி வைத்தார். வராந்தாவிலிருந்து பிள்ளைகள் கை தட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. தட்டினார்கள்.

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஒட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. இரண்டாம் நாள் எட்சன் சார் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தரையில் இறங்கினார். அதற்குப் பிறகு அவர்கள் நாற்காலி பக்கம் போகவே இல்லை.

“மேடம், யானைக்க தும்பிக்கை எனக்க கிட்ட இருக்கு! காதைத் தாங்க!”

“தரமாட்டேன். இது என் படகோட பாய்.”

“படகுக்கு எப்பிடி மேடம் காது இருக்கும்? வல்லுநரே, நீங்களே சொல்லுங்க.”

வல்லுநர் மல்லாந்து படுத்து, ஒரு துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையெல்லாம் பசை. சாயங்காலம் டிரைவர் வந்து ஹாரன் அடித்தால், “இன்னும் ஒரே ஒரு துண்டு” என்று மூன்று பேரும் கெஞ்சினார்கள். எத்தனையோ வருஷமாக உத்தியோகம் பார்க்கிறவர்கள். கையால் ஒரு பொருள் ஆவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. பெமிலாவுக்குக் கோபத்துக்கு நடுவே பாவமாகவும் இருந்தது.

ஜெஃப்ரின் என்ற பையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “சாரே, அந்தத் துண்டு அங்க இல்ல, வாலுக்குக் கீழயாக்கும். நாந்தான் ஒட்டினேன்.”

“ஏலே, விசாரணையில தலையிடாதே!” என்று எட்சன் சார் அதட்டினார். தரையில் கிடந்தபடியே அதட்டியதால் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. பையன் வாயில் விரலை வைத்துக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தான்.

அந்த வாரத்தில் ஊருக்குள் பேச்சுப் பரவிவிட்டது. இந்துஜாவின் அப்பா ஐயப்பன் கொத்தனார் வேலைக்குப் போகாமல் வந்து நின்றார். “சாரே, தும்பிக்கை தூக்கின யானை எனக்க சீட்டாக்கும். ஒருவேளை அடிச்சிருந்தா பைசா எனக்கா, பள்ளிக்கூடத்துக்கா?”

“அடிக்கலைன்னு நிரூபிக்கத்தான்யா இந்தப் பாடு படுறோம்!”

“அடிக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே சாரே.”

“உமக்குத் தெரியும். அரசுக்குத் தெரியாண்டாமா?”

ஐயப்பன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடிக்கவில்லை என்று தெரிந்த சீட்டையே வருஷக் கணக்கில் வைத்திருந்தவருக்கு அந்த நியாயம் புரியாமலா போகும்?

இந்துஜா முதல் இரண்டு நாள் அழுதது. வராந்தாவில் இருந்தபடியே, “டீச்சரே, எனக்க கொண்டை எங்க?” என்று கேட்டது. பெமிலா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொய் சொன்னாள். சேவல் குளிக்கப் போயிருக்கு மக்கா. சேவலுக்குக் காய்ச்சல் மக்கா. மூன்றாம் நாள் பிள்ளை கேட்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து அதுவும் கையைக் கட்டிக்கொண்டது.

கடைசியில் சீட்டுகள் முழுசாகின. யானை யானையாகவும் படகு படகாகவும் புதுச் சார்ட்டில் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் பரிசு விழவில்லை. அறிக்கை எழுதினார்கள். எல்லாச் சீட்டும் முழுசாக இருப்பதால் யாரும் எதையும் கிழித்ததாகத் தெரியவில்லை. பள்ளியில் சேவல் எதுவும் காணப்படவில்லை. ஆகவே டீச்சர் மீது நடவடிக்கை தேவையில்லை.

“பாத்தியளா, உங்களைக் காப்பாத்திட்டேன்” என்றார் எட்சன் சார்.

மாவட்டக் கண்காட்சிக்கு ஈந்தவிளையிலிருந்து ஒரு மொசைக் போக வேண்டுமே? குழு ஒட்டிய சார்ட் இருந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் கோடு தெரிய, பார்க்கப் பழைய கோயில் தரை மாதிரியே இருந்தது. சீட்டு கூடாதே என்று யாரோ கேட்டார்களாம். பிள்ளைகள் ஒட்டினால்தான் அது சீட்டு, அதிகாரிகள் ஒட்டினால் தடயம், தடயத்துக்குத் தடை இல்லை என்று விளக்கம் வந்தது. நாகர்கோவிலில் அதற்கே முதல் பரிசு. பரிசளிப்பு ஈந்தவிளையிலேயே நடந்தது. பிள்ளைகளைத் தரையில் வரிசையாக உட்கார வைத்தார்கள்.

எட்சன் சார் மைக்கில் சொன்னார். “இந்தக் கலைக்குப் பொறுமை வேணும். பிள்ளைகளுக்கு அது இல்ல. அவங்க கிழிப்பாங்க. ஒட்ட நாமதான் வேணும். இதைச் செய்யும்போது நான் வீட்டையே மறந்தேன், ராத்திரி சொப்பனத்துல கூட யானைக் காதுதான். இப்படியொரு சந்தோஷம் எனக்குச் சின்ன வயசில யாரும் தரல்ல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “குழந்தைகளே, நல்லா பாத்துக்கிடுங்க. ஆனா, தொடாண்டாம்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். இந்துஜாவும் தட்டியது. நிறுத்தச் சொல்லும்வரை தட்டியது.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிச் சுவர் ஏன் காலியாக இருக்கிறது என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பெமிலா அதை மடித்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். முத்துக்கனி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். இந்துஜா அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தானாக உள்ளே நடந்து வந்தது. ஓடவில்லை. சுவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தன் இடத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டது.

“இப்ப ஒரு சத்தமும் இல்ல டீச்சரே” என்றாள் முத்துக்கனி, நிம்மதியாக. “வீட்டிலயும் சொன்ன இடத்தில இருப்பா. நல்லா பழக்கிட்டிய.” சொல்லிவிட்டு அண்டி ஆபீசுக்குக் கிளம்பினாள். அவசரமில்லாமல் நடந்தே போனாள்.

பெமிலா அன்று வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கல்யாணக் கார்டு கொண்டுவந்திருந்தாள். இரவோடு இரவாகப் பசையும் காய்ச்சியிருந்தாள். புதுச் சார்ட்டை விரித்து, மறுபடியும் ஒரு சேவல் வரைந்து, சிவப்புக் கார்டு ஒன்றை இந்துஜாவின் மடியில் வைத்தாள்.

“கிழி மக்கா.”

பிள்ளை கார்டைப் பார்த்தது. கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

“சார் வருவாவ டீச்சரே” என்றது. “அவிய ஒட்டட்டும்.”

“இது உனக்க சேவலாக்கும் பிள்ளே. நீதான் கொண்டை வைக்கணும்.”

“தொடாண்டாம்.”

பெமிலா ஜெஃப்ரினைப் பார்த்தாள். அவன் வாயில் விரலை வைத்துக்கொண்டான். ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தாள். எல்லாக் கையும் கட்டியிருந்தது. வகுப்பில் அவ்வளவு அமைதியை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. தொடங்கி வைத்தால் வருவார்கள் என்று நினைத்து, அவளே ஒரு கார்டை எடுத்துக் கிழித்தாள். அந்தச் சத்தத்துக்கு ஒரு பிள்ளையும் அசையவில்லை. பசை தடவி, துண்டைச் சேவலின் தலையில் வைத்து, உள்ளங்கையால் அமுக்கினாள்.

பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள்.